கிரிவலப் பாதையில் பிரேன் தேடி ஒன்றரை நாள்

இந்தப் பதிவில் கோயில் தரிசன நேரம் கிடைக்காது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருவண்ணாமலைக்கு நான் போனது இயற்பியல் பேச. மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஊரை ஒட்டிய வேங்கிக்காலில் ஒரு வீட்டு மாடியில், இழைக் கோட்பாட்டில் வரும் பிரேன் என்றால் என்ன என்று சொல்லக் கூப்பிட்டிருந்தாள் செல்வி. கல்லூரியில் எனக்கு இரண்டு வருடம் இளையவள். மாதம் ஒருமுறை அக்கம்பக்கத்தாரைக் கூட்டி யாரையாவது பேச வைப்பாள். இதே தலைப்பில் ஏற்கெனவே இரண்டு ஊர்களில் பேசியிருந்தேன். ஒன்றில் தூங்கினார்கள், இன்னொன்றில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டிலும் ஒரே ஒரு கேள்விகூட வரவில்லை. பன்னிரண்டு வருடம் வகுப்பெடுத்தவளுக்கு அது ரொம்பவே வலித்தது. மூன்றாவது முறையும் அப்படியே ஆனால் இந்த வேலையை விட்டுவிடுகிறேன் என்று செல்வியிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.

வெள்ளிக்கிழமை மதியம் 1.40க்குக் கிளாம்பாக்கத்தில் பேருந்து. திண்டிவனம், செஞ்சி வழியாகச் சுமார் 165 கிலோமீட்டர், நாலேகால் மணி நேரம், டிக்கெட் 185 ரூபாய். முழங்காலை எங்கே வைப்பது என்பதே எனக்குப் பாதி தூரம்வரை பிரச்சினையாக இருந்தது. செங்கம் சாலையில் ஆசிரமத்தைத் தாண்டி 900 ரூபாய்க்கு ஓர் அறை. மெத்தை இருந்தது, தூக்கம் வரவில்லை.

சனிக்கிழமை காலை 5.10க்குக் கிரிவலம் கிளம்பினேன். பக்தி என்று சொன்னால் பொய். நடந்தால் பேச்சுக்கு ஏதாவது நல்ல உதாரணம் அகப்படும் என்ற நப்பாசைதான். பாதை 14 கிலோமீட்டர், மலை எப்போதும் வலக்கைப் பக்கம். எல்லாரையும்போலச் செருப்பைக் கழற்றியது ஜம்பம். மூன்றாவது கிலோமீட்டரிலேயே பாதம் கணக்குக் கேட்டது. நிருதி லிங்கம் அருகே, தரை கொஞ்சம் வழவழப்பாகத் தெரிந்ததால், சாலையைக் கடந்து மலை ஓரமாக நடக்க ஆரம்பித்தேன். எதிர் ஓரத்தில் பூக்கூடையோடு போய்க்கொண்டிருந்த ஓர் அம்மாள் கூப்பிட்டார்.

"அந்தப் பக்கம் நடக்காதீங்கம்மா. இப்படி வந்துடுங்க."

"ஏங்க, வண்டி வருமா?"

"வண்டி எங்கயும்தான் வருது. அது சித்தருங்க நடக்குற பக்கம். நம்ம கண்ணுக்குத் தெரிய மாட்டாங்க. நாம இந்த ஓரமா போய்டணும்."

இடது பக்கம் வந்து நடந்தேன். அப்போதுதான் பொறி தட்டியது. ஒரே சாலை, பக்கத்திலேயே இன்னொரு ஓரம், அங்கே நடப்பது நம் கண்ணுக்குத் தெரியாது. மூன்று வருடமாக நான் தேடிய உதாரணத்தை இந்த ஊர் தினமும் காலால் மிதித்துக்கொண்டிருக்கிறது. மீதி தூரத்தை வலி தெரியாமல் நடந்தேன் என்று எழுத ஆசைதான். வலித்தது. 9.25க்கு அறைக்குத் திரும்பி வாளித் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

வேங்கிக்காலுக்கு ஆட்டோ 150 ரூபாய். மூன்று மணிக்கு மாடியில் முப்பது பேர் இருந்தார்கள். பேச்சின் சாரம் இவ்வளவுதான். நமது பிரபஞ்சம் முழுவதுமே பிரேன் என்ற ஒரு விரிப்பாக, இன்னும் பெரிய வெளியில் கிடக்கலாம் என்கிறது கோட்பாடு. எல்லாப் பொருளும் கண்ணுக்கெட்டாத சிறு இழைகளின் அதிர்வு. முனையுள்ள இழைகளின் முனை விரிப்பில் ஒட்டிக்கொள்ளும். நாமும் ஒளியும் அந்த வகை, அதனால் விரிப்பைவிட்டு வெளியேற முடியாது. ஈர்ப்பு மட்டும் முனையில்லாத வளையம். அது வெளியே கசியலாம். சின்னக் காந்தம் ஓர் ஆணியைத் தூக்கும்போது மொத்த பூமியின் ஈர்ப்பும் தோற்றுப்போகிறதே, ஈர்ப்பு அவ்வளவு பலவீனமாக இருக்க இந்தக் கசிவே காரணமாக இருக்கலாம். பக்கத்தில் இன்னொரு விரிப்பு இருந்தாலும் அங்கிருந்து ஒளி வராது, நமக்குத் தெரியாது.

இங்கே கிரிவலப் பாதையின் இரண்டு ஓரங்களைச் சொன்னேன். மாடி விழித்துக்கொண்டது. போன்கள் மடியில் கவிழ்ந்தன. முன்வரிசையில் இருந்த ஏழுமலை எழுந்தார். மோட்டார், பைப் கடை வைத்திருப்பவர் என்று செல்வி முன்பே காட்டியிருந்தாள்.

"அப்போ சித்தருங்க நடக்குறாங்கன்னு விஞ்ஞானமே ஒத்துக்குதுங்க" என்று சொல்லிக் கை தட்டினார். முப்பது பேரும் தட்டினார்கள்.

எனக்குக் கிடைத்த முதல் கைதட்டல் அது. சிரித்துக் கும்பிட்டுவிட்டு இறங்கியிருக்கலாம். அவ்வளவு களைப்பு, அவ்வளவு ஆசை. ஆனால் வாய் கேட்கவில்லை. "இல்லைங்க. உங்க வழக்கத்தை நான் உதாரணத்துக்குக் கடன் வாங்கினேன், அவ்வளவுதான். சித்தர்கள் பற்றி என் பாடத்துக்கு ஒண்ணும் தெரியாது. பிரேனையே இதுவரைக்கும் யாரும் பார்த்ததில்ல. கணக்குல வருது, சோதனையில இன்னும் மாட்டல" என்றேன்.

ஏழுமலை துண்டை உதறித் தோளில் போட்டார். "கடையப் பூட்டிட்டு வந்தேன். இல்லாதத சொல்லத்தான் இவ்ளோ தூரம் வந்தீங்களா மேடம்?" படியிறங்கிவிட்டார். அவர் பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர் போனார்கள். மிச்சமிருந்தவர்கள் காபி வரை இருந்தார்கள். கேள்விகள் உண்டா என்றேன். டம்ளரை வைத்துவிட்டு அவர்களும் செருப்பைத் தேடினார்கள்.

"விடுங்கக்கா, உண்மையதான சொன்னீங்க" என்றாள் செல்வி. அது ஆறுதலாக இல்லை. இத்தோடு போதும் என்று அவளிடம் சொன்னேன். அவளும் மறுக்கவில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். பௌர்ணமியைத் தவிர்த்தால் அறை கம்மி விலையில் கிடைக்கும், பாதையில் இடமும் கிடைக்கும். வெறுங்காலில் நடப்பதாயிருந்தால் எட்டரைக்குள் முடித்துவிடுங்கள், அதற்குமேல் தார் சுடும். நடப்பது இடது ஓரத்தில். நம்பிக்கை இல்லாவிட்டாலும் அங்கேயே நடங்கள், ஊர் வழக்கம். சென்னைக்குத் திரும்ப மாலையில் அடிக்கடி பேருந்து உண்டு, ஆனால் சனிக்கிழமை ஜன்னல் சீட்டுக்குக் கொஞ்சம் முன்னதாகவே போய் ஏற வேண்டும்.

நான் 6.05க்கே ஏறி ஜன்னலோரம் பிடித்துவிட்டேன். 6.30 வண்டி. கண்ணை மூடியிருந்தேன். யாரோ பேருந்தின் தகரத்தைத் தட்டினார்கள். கீழே ஏழுமலை, ஸ்கூட்டரை உறுமவிட்டபடி நின்றிருந்தார். செல்வியிடம் கேட்டுக்கொண்டு வந்திருப்பார்போல. முகத்தில் கோபம் அப்படியே இருந்தது.

"மேடம், ஒண்ணு கேக்கணும். ஈர்ப்பு வெளிய கசியுதுன்னீங்க. பைப்புல கசிஞ்சா டேங்க் கொறையும். அது எனக்குத் தெரியும். அப்போ இந்த மலை வருஷா வருஷம் லேசாகணுமே. ஏன் ஆகல?"

"அது அப்படி இல்லைங்க" என்று ஆரம்பித்தேன். தண்ணீர் கசிவது வேறு, ஈர்ப்பு பரவுவது வேறு; மலை எதையும் இழப்பதில்லை; வெளியே பரவியதுபோக இந்தப் பக்கம் எட்டுவதைத்தான் நாம் ஆதியிலிருந்தே எடை என்று சொல்லிவருகிறோம். இதை ஜன்னல் கம்பி வழியாகச் சொல்ல முடியாது, தாளும் பேனாவும் வேண்டும். நடத்துநர் விசில் ஊதினார்.

"இருங்க, போய்டாதீங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.