நாலு மணிக்கு வரவேண்டிய கூவம்

ஆற்று வெள்ளமும் பஸ்ஸைப் போல நேரம் தப்பாமல் ஊர் ஊராக நின்று வரும் என்று இருபத்தேழு வயது வரை நம்பியவன் நான்.

எண்பதுகளின் கடைசி. ஒரு மழைநாள் காலையில் திருவேற்காட்டுத் தரைப்பாலத்தின் மேல் கூவம் கணுக்கால் அளவு ஓடியது. பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு கடக்கும்போதே கணக்குப் போட்டுவிட்டேன். நடக்கிற வேகத்தில் வந்தால்கூட இது சாயங்காலம் நாலு மணிக்கு டவுனில் இருக்கும். நாலு மணிக்குத்தான் டவுனில், அதே கூவம் கரைப் பூங்காவில், நான் பெண் பார்க்க வேண்டும்.

பெண் ஆவடி குவார்ட்டர்ஸ். இரண்டு வீட்டுக்கும் ஒரே சர்ச். வீட்டில் போய்ப் பார்த்து அமையாமல் போனால், அடுத்த ஞாயிறு சர்ச்சே திரும்பி அவளைப் பார்க்கும். அதனால் எங்கள் சர்ச் குடும்பங்களுக்குள் ஒரு ஏற்பாடு உண்டு: ஆளுக்கொரு ரயிலில் டவுனுக்குப் போய், ஊர் சுற்றிப் பார்க்க வந்த இடத்தில் தற்செயலாகச் சந்தித்துக்கொள்வது.

தற்செயலாகச் சந்தித்தோம். பெண்ணின் அப்பா என்னைப் பார்த்தார். நான் ஆற்றைப் பார்த்தேன். பிறகு, ஏறித் தப்பிக்கத் தோதான கட்டடங்களைப் பார்த்தேன். சென்ட்ரல் மணிக்கூண்டு பக்கம்தான், ஆனால் மேலே விடமாட்டார்கள். மவுண்ட் ரோடு பதினாலு மாடிக் கட்டடம் நல்ல உயரம், ஓடினால் மூச்சு வாங்கும். லைட் ஹவுஸ் வேண்டாம். வெள்ளம் கடலில் போய்ச் சேருவதே அந்தப் பக்கம்தான்.

என்னோடு வந்த அக்கா புருஷன் காதைக் கடித்தார். "இன்னா மச்சான், பொண்ணு இங்க கீது. நீ தண்ணியவே பாத்துகினு கீறே?"

பெண்ணின் அப்பா எழுந்துவிட்டார். "தம்பிக்குப் பிடிக்கல போல. பரவாயில்ல, நாங்க கிளம்புறோம்."

"ஐயோ, அதில்லீங்க! வெள்ளம் வருது!"

சொல்லிவிட்ட பிறகு விளக்காமல் இருக்க முடியுமா? கணக்கு முழுவதையும் ஒப்பித்தேன். அக்கா புருஷன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

பெண்தான் கேட்டாள். "அங்க எவ்வளவு தண்ணி?"

"கணுக்கால்."

"இவ்வளவு அகலமான ஆத்துக்கு?"

அவள் தண்ணீரில் இறங்கும் படிக்கட்டைக் காட்டினாள். "உக்காருங்கப்பா. அந்த மூணாவது படி நனையுதான்னு பாத்துட்டே போலாம்."

அவர் மறுபடி உட்கார்ந்தார். வேர்க்கடலை வாங்கினோம். படியைப் பார்க்கிற சாக்கில் நான் அப்போதுதான் அவளைப் பார்த்தேன்.

ஆறு மணி வரை படி நனையவில்லை. அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவள் அப்பா வந்து சம்மதம் சொன்னார்.