தொள்ளாயிரம் கிலோமீட்டர் மீதி

சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு ஏறக்குறைய மூவாயிரம் கிலோமீட்டர், நான்கு மணி நேரம். அக்கா விமானம் ஏறிவிட்டால், கைப்பேசியில் அந்தக் குட்டி விமானம் கடல்மேல் நகர்வதைப் பார்த்து மீதித் தூரத்தை அறிவிப்பது என் வேலை. இருநூறு என்று சொன்னால்தான் அம்மா குக்கர் வைப்பாள். எனக்கு இந்தக் கூத்தே பிடிக்காது.

அன்று பகல் இரண்டு மணிக்கு மாடியிலிருந்து, "இன்னும் தொள்ளாயிரம்!" என்று கத்தினேன்.

"போதும்டா விளையாட்டு. அவதான் வந்துட்டாளே, வாசக் குழாயில கால் கழுவுறது கேக்குது" என்றாள் அம்மா சமையலறையிலிருந்து.

எரிச்சலோடு இறங்கி வந்தேன். கேட் பூட்டியபடி இருந்தது. ராஜகீழ்ப்பாக்கத்து வெயிலில் தெருவில் ஒரு நாய்கூட இல்லை. ஆனால் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அதிலிருந்து ஹால் சோபாவரை ஈரக் கால்தடங்கள். அக்கா எப்போதும் இப்படித்தான் ஈரக்காலோடு உள்ளே வந்து திட்டு வாங்குவாள். கைப்பேசியைப் பார்த்தேன். விமானம் கடல்மேல்தான் இருந்தது.

அம்மா பார்ப்பதற்குள் தரையைத் துடைத்துவிட்டேன். "பக்கத்து வீட்டுச் சத்தம்தாம்மா அது" என்று ஒரு பொய்யும் சொன்னேன்.

ஐந்தரை மணிக்கு டாக்ஸி வந்தது. அக்கா குழாயைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராகச் சோபாவில் போய் உட்கார்ந்தாள்.

"என்னடி, கால் கழுவலையா?"

"அப்பவே கழுவிட்டேனேம்மா" என்றாள் அக்கா. "இவன்தானே தரையத் துடைச்சான்."