அக்குளில் ஒரு பனியன் துண்டு

ஒன்பதாம் வகுப்பில் தேசிய மாணவர் படையில் சேர்ந்த பெண்களுக்கெல்லாம் ஒரே அளவில் காக்கிச் சட்டை கொடுத்தார்கள். என் சட்டைக்குள் என்னைப்போல் இன்னொருத்தியும் தாராளமாக நுழையலாம். அப்பா அதைப் பார்த்துவிட்டு, சோளக்காட்டுப் பொம்மைக்குப் போட்டதா என்று கேட்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. படையில் சேரவே அவரோடு மல்லுக்கட்டி ஓய்ந்திருந்தேன்.

அம்மா பெருமாநல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் டெய்லர். ஞாயிற்றுக்கிழமை என்னை நிற்கவைத்து, துணியை உடம்போடு ஒட்டிப் பிடித்து ஊசி குத்தி, பிரித்து வெட்டித் தைத்துவிட்டாள். சட்டை அப்படிப் பொருந்தியது. கண்ணாடி முன்னால் விறைப்பாக நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

குடியரசு தினத்தன்று பெண்கள் அணிக்கு முன்னால் நடக்க ஒருத்தியைத் தேர்ந்தெடுப்பதாகப் பயிற்சி கொடுக்கும் சார் சொல்லியிருந்தார். அந்த இடம் எனக்கு வேண்டும். விட்டுக்கொடுக்கிற நல்ல மனசெல்லாம் அப்போது எனக்குக் கிடையாது. நடக்கும்போது கை தோள் உயரத்துக்கு வரவேண்டும் என்பதில் சார் ரொம்பக் கறார்.

தேர்வன்று முதல் வீச்சிலேயே சட்டை அக்குளில் பிடித்தது. பனியன் துணி இழுத்த பக்கம் வரும். அம்மாவின் கை வருஷக்கணக்காகப் பழகியது அதில்தான். காக்கி இம்மியும் வரவில்லை. கையைத் தாழ்த்தினால் சட்டை பிழைக்கும், இடம் போய்விடும். தூக்கினால் அம்மாவின் தையல் போய்விடும். அட, போனால் போகட்டும் என்று தூக்கினேன். டர்ரென்றது. அடுத்த வீச்சில் மறுபக்கமும் போனது. பின்னால் களுக்கென்று சிரித்தார்கள். அவமானத்தில் காது சுட்டது. மைதானத்தின் கடைசிவரை கையை மட்டும் இறக்கவில்லை.

சார் என் முன்னால் வந்து நின்று, சட்டையை யார் தைத்தது என்று கேட்டார்.

"எங்கம்மாங்க சார்" என்றேன், எல்லாருக்கும் கேட்கும்படி.

அவர் சிரிக்கவில்லை. மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "சட்டைய உடுங்க. இந்தப் புள்ள கை எங்க நின்னுச்சுன்னு பாத்தீங்களா?"

இடம் எனக்கு வந்தது, கிழிசலைச் சரிசெய்தாக வேண்டும் என்ற உத்தரவோடு.

கிழிசலைப் பார்த்த அம்மாவுக்கு இடம் கிடைத்த செய்தி காதிலேயே ஏறவில்லை. ஊருக்கெல்லாம் தைக்கிறவள் பெற்ற பிள்ளையின் சட்டையை நாலு பேர் முன்னால் கிழியவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கோ ஆத்திரம். சட்டை கிழிந்ததால்தான் சார் என்னைப் பார்த்தார் என்று கத்தினேன். அது பாதிப் பொய், ஆனாலும் அம்மா அழுகையை நிறுத்தினாள்.

மறுநாள் கம்பெனியில் கேட்டு, வெட்டிப் போட்ட பனியன் துண்டு ஒன்றை வாங்கிவந்தாள். காக்கிக்குக் கிட்டத்தட்ட ஒத்த நிறம். அதை இரண்டு சதுரமாக வெட்டி இரண்டு அக்குளிலும் வைத்துத் தைத்தாள்.

"இது இழுத்தா வரும் கண்ணு. நீ எவ்வளவு வேணும்னாலும் தூக்கு."

குடியரசு தினத்தன்று என் குரலுக்கு மொத்த அணியும் நகர்ந்தது. கை தோளுக்குப் போகும்போதெல்லாம் ஒட்டு வெளியே தெரியும் என்று எனக்குத் தெரியும். தெரியட்டுமே! அன்றைக்கு இருந்த பெருமையில் இன்னும் ஒரு சாண் மேலே தூக்கச் சொன்னாலும் தூக்கியிருப்பேன்.

அணிவகுப்பு முடிந்ததும், பார்க்க வந்திருந்த அப்பா அம்மாவிடம் ஓடினேன். முன்னால் நடந்தது தன் பெண்தான் என்று அப்பா பக்கத்தில் இருந்தவர்களிடம், அவர்கள் கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா என் கையைப் பிடித்துத் தூக்கி, கம்பெனியில் செக்கிங் பார்ப்பதுபோல் தையலை இழுத்து இழுத்துப் பார்த்தாள். ஒரு நூல்கூட விடவில்லை.

"நின்னுருச்சு கண்ணு" என்றாள். கண் கலங்கியிருந்தது. தூக்கிய கையை அவள் விடவில்லை. நானும் இறக்கவில்லை.