ஹேமநாதன் சாரின் ஆறுதல் அறை

எங்கள் பள்ளியில் பிள்ளைகளின் மனக்கவலையைத் தீர்ப்பதற்கென்றே ஒருவரைச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறார்கள். பெயர் ஹேமநாதன். அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல எனக்கும் ஆசைதான். யோசித்துப் பார்த்ததில், சட்டை எப்போதும் கசங்காமல் இருக்கும் என்பதைத் தவிர ஒன்றும் தேறவில்லை.

சொந்த ஊர் பருத்திப்பட்டு. முதலில் இன்சூரன்ஸ் பிடித்தார், ஆள் சிக்கவில்லை. மனை விற்றார், அதுவும் ஓடவில்லை. பிறகு கோட்டு சூட்டு மாட்டிக்கொண்டு, கல்யாண மண்டபங்களில் கூட்டம் போட்டு, உன்னால் முடியும் என்று தொண்டை கிழியக் கத்தினார். அவரால் முடியவில்லை. அப்போதுதான் எங்கள் தாளாளர் தனக்கு மச்சான் முறை என்பது அவருக்கு ஞாபகம் வந்தது. சனி ஞாயிறுகளில் ஏதோ ஒரு சான்றிதழ்ப் படிப்பு படித்துவிட்டு, வந்து உட்கார்ந்துவிட்டார் கவுன்சலிங் சார்.

அவருடைய அறைக்கும் எங்கள் ஸ்டாஃப் ரூமுக்கும் நடுவில் வெறும் பிளைவுட் தடுப்பு. "இங்க பேசுறது உனக்கும் எனக்கும் மட்டும்தான்" என்று அவர் பிள்ளைகளிடம் சொல்வதை, நாங்கள் எல்லோரும் டீ குடித்துக்கொண்டே கேட்போம். அவருக்கும் அது தெரியும். கூச்சமே கிடையாது.

பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி என்று எங்கள் மதிலில் வருஷா வருஷம் பிளெக்ஸ் கட்டுவார்கள். அதில் எங்கள் திறமை ஒன்றும் இல்லை. தேற மாட்டார்கள் என்று தோன்றும் பிள்ளைகளை ஒன்பதாம் வகுப்போடு டிசி கொடுத்து அனுப்பிவிடுவோம், அவ்வளவுதான். முன்பெல்லாம் பெற்றோர் கேட்டில் நின்று சண்டை போடுவார்கள். ஹேமநாதன் வந்த பிறகு அந்தக் காரியம் வழவழப்பாகிவிட்டது. பிள்ளைகளின் வாயைக் கிளறி வீட்டுக் கஷ்டத்தை வாங்குவார். அதையே காரணமாகக் காட்டி வெளியே அனுப்புவார்.

யுவராணி அப்படித்தான் மாட்டினாள். திருமுல்லைவாயில் பெண், ஒன்பதாம் வகுப்பு. அப்பா வேறு குடும்பம் தேடிப் போய்விட்டார். அம்மா கன்னியம்மாளுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் நைட் ஷிப்ட். இவள் என் தமிழ் வகுப்பில் தூங்கி விழுவாள். மார்க்கும் விழுந்தது. வகுப்பாசிரியர் அவளை ஹேமநாதனிடம் அனுப்பினார்.

முதலில் வாயே திறக்கவில்லை. ஹேமநாதன் விடுகிற ஆளா? குழைந்து குழைந்து பேசி, கடைசியில் ஒரு நாள் அழவைத்துவிட்டார்.

"அம்மா ஷிப்டுக்குப் போயிட்டா தனியா படுக்க பயமா கீது சார். கதவாண்டயே குந்திகினு இருப்பேன். அம்மாகிட்ட சொல்லிடாதீங்க சார், வேலைய உட்டுடும். இங்க என் ஃப்ரெண்டு நிவேதிதா கீறா, அவ சொல்லிக் குடுத்தாதான் எனக்குப் படிப்பே ஏறுது. எப்படியாவது படிச்சுடுவேன் சார்."

"ச்சே, நான் போய் சொல்வேனா? நீ மனசத் திறந்துட்ட. இனிமே எல்லாம் சரியாயிடும்" என்றார். தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கே கொஞ்சம் நம்பிக்கை வந்துவிட்டது. குரலில் அவ்வளவு தேன்.

ஏப்ரலில் கன்னியம்மாளைக் கூப்பிட்டு அனுப்பினார். ஷிப்ட் முடிந்த கையோடு வந்திருந்தார் அந்த அம்மாள். பக்கத்தில் யுவராணி. தடுப்பில் இருந்த கதவு திறந்தே கிடந்ததால் மூவரும் எனக்குத் தெரிந்தார்கள்.

"உங்க பொண்ணு ராத்திரியெல்லாம் பயந்துகிட்டு தூங்கறதே இல்லம்மா. அவளே சொன்னா. இந்த மனநிலைக்கு நம்ம ஸ்கூல் பிரஷர் ஒத்து வராது. அவ நல்லதுக்குத்தான் சொல்றேன், டிசி வாங்கி கவர்ன்மென்ட் ஸ்கூல்ல போட்டுடுங்க. ஃப்ரீயா இருப்பா."

கன்னியம்மாள் அவரைப் பார்க்கவே இல்லை. மகள் பக்கம் திரும்பினார். "பயமா கீதுன்னு எங்கையில ஏன்மே சொல்லல?"



அதன் பிறகுதான் அவர் ஹேமநாதன் பக்கம் திரும்பினார். "இன்னா சார் இது? மனசுல கீறத சொல்லு, சொல்லுன்னு நீதான கேட்ட? நம்பி சொல்லிச்சு. சொன்னதுக்கா வெளிய தள்ற? வாயத் தொறக்காம இருந்தா இங்கயே படிச்சிருக்கும் போல கீதே!"

ஹேமநாதன் டிஷ்யூ பெட்டியை அவர் பக்கம் நகர்த்தினார். "உங்க கோபம் எனக்குப் புரியுதும்மா. அடக்கி வைக்காதீங்க, வெளிய விடுங்க."

எனக்கு அந்தத் தடுப்பை எட்டி உதைக்கலாம் போலிருந்தது. என்ன ஜென்மமோ! அந்த வாரமே டிசி கையில் வந்துவிட்டது. ஜூன் மாதம் ஆசிரியர் கூட்டத்தில், ஒரு சத்தம் சண்டை இல்லாமல் வேலையை முடித்தார் என்று தாளாளர் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார். கண்ணீர் மல்க வாங்கிக்கொண்டார், வெட்கங்கெட்ட மனிதர்.

யுவராணி சேர்ந்த அரசுப் பள்ளியில்தான் என் தங்கை ஜெயப்பிரியா வேலை பார்க்கிறாள். கன்னியம்மாள் கெஞ்சியும் கம்பெனியில் பகல் ஷிப்ட் கொடுக்கவில்லை என்று தெரிந்ததும், அந்தப் பெண்ணைக் கொஞ்சம் பார்த்துக்கொள் என்று தங்கையிடம் சொன்னேன். அவளுக்கு நிஜமாகவே பிள்ளைகள் மேல் அக்கறை உண்டு. மதியச் சாப்பாட்டு நேரத்தில் யுவராணியைத் தனியாக மரத்தடிக்குக் கூட்டிப் போய், "ராத்திரி தூங்கறியாடா? வீட்ல எதாவது கஷ்டம் இருந்தா என்கிட்ட சொல்லு, நான் இருக்கேன்" என்று கேட்டிருக்கிறாள்.

யுவராணி சட்டென்று எழுந்து நின்றாளாம்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல மிஸ். ஊட்ல எல்லாம் நல்லா கீது. நான் நல்லா தூங்குறேன். எனக்கு டிசி குடுத்துடாதீங்க மிஸ்."