தேதியில்லாத ஒரு தாள்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை ஆறு நாற்பதுக்குக் குமார் தொலைபேசியில் அழைத்தார். "சார், எஸ்தர் மேடம் பூட்டாங்க சார்." எப்போது என்றேன். "நேத்து ராத்திரி." பன்னிரண்டுக்கு முன்பா, பின்பா? "இன்னா சார், இதுக்குமா டைம் கேப்பீங்க!" அழுகையினூடே சிரித்துவிட்டார். பிறகு விசாரித்து உறுதிசெய்துகொண்டேன்: திங்கள், பதினொன்று ஐம்பது.

தாம்பரத்தில் எங்கள் அரசு அலுவலகத்துக்கு எஸ்தர் தலைமை அலுவலராக வந்தபோது நான் கண்காணிப்பாளர். குமார் அலுவலக உதவியாளர். வந்த மூன்றாம் வாரமே எஸ்தர், முதியோர் உதவித்தொகை மனுக்களை வாங்க வியாழன்தோறும் நாமே பம்மல் செல்வோம் என்றார். அலுவலக முத்திரை வெளியே போனதில்லை என்று எழுத்தில் ஆட்சேபித்தேன். அதன் கீழே அவர் எழுதினார்: "கூடாது என்னும் விதியைக் காட்டுங்கள், இல்லையேல் ஷேர் ஆட்டோவில் ஏறுங்கள்." இரண்டு நாள் தேடினேன். ஏறினேன்.

முத்திரையின் தேதிச் சக்கரத்தை நான் தினமும் என் மேசைமுன் அமர்ந்ததும் திருப்புவேன். அந்த முதல் வியாழன் நேரே பம்மல் போனதால், மேசைமுன் அமரவேயில்லை. மாலையில் அடிக்கட்டைகளைப் பார்த்தால், வியாழனன்று கொடுத்த ஒப்புகைச் சீட்டுகள் அனைத்திலும் புதன்கிழமைத் தேதி. முன்தேதியிட்டதாக மெமோ வரும். ஓய்வுபெற மூன்று மாதமே இருந்தது. மெமோ நிலுவையிலிருந்தால் ஓய்வூதியம் நின்றுபோகும். அடிக்கட்டைகளை எஸ்தர் முன் வைத்தேன்.

"ஊர்ல இருக்கறவங்க தேதியெல்லாம் திருத்துவீங்களே சார், நீங்களா!" என்று வாய்விட்டுச் சிரித்தார். பிறகு மேலிடத்துக்கு அவரே கைப்பட எழுதினார்: "அலுவலகத்தை வெளியே கொண்டுசென்றது என் முடிவு. அதில் நேர்ந்த பிழையும் என்னுடையது." மெமோ அவருக்கே வந்தது. அவருடைய பதவி உயர்வு ஓராண்டு தள்ளிப்போனது. கடிதம் எழுதிய அன்றே, ஏன் உங்கள் மேல் போட்டுக்கொள்கிறீர்கள் என்று கேட்டிருந்தேன். "புதுசா ஒண்ணு செஞ்சா ஏதாவது தப்பும் சார். அது உங்க தலையில விழுந்தா, அடுத்த வாரம் யார் என்கூட வருவா?"

அடுத்த வியாழன் ஆட்டோவில் முதலில் ஏறியவன் நான். திரும்பும் வழியில் குமார், "பொழிச்சலூருக்கும் போலாம் மேடம், அங்க கெயவிங்க பஸ் ஏற முடியாம பேஜார் படுதுங்க" என்றார். மறுநாள் கோப்பில் எஸ்தர் எழுதினார்: "யோசனை: குமார்." அதுவரை வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அந்தப் பெயர் இருந்ததில்லை. குமார் அந்தப் பக்கத்தைத் திறந்து திறந்து பார்த்ததை, இன்று அவர் நினைவாக இங்கே கூடியிருக்கும் உங்களில் பலர் அறிவீர்கள்.

எஸ்தரிடம் குறையும் உண்டு. கையெழுத்திடுவார், தேதியிட மாட்டார். எத்தனை கோப்புகளைத் திருப்பி அனுப்பியிருப்பேன்!

குறித்த நாளில், முழு ஓய்வூதியத்தோடு வீடு திரும்பினேன். அன்று அவரிடம் நான் கேட்டு வாங்கிக்கொண்டது மேலிடத்துக்கு எழுதிய அந்த விளக்கக் கடிதத்துக்கு அவர் கைப்பட எழுதி வைத்திருந்த நகல். அதிலும் கையெழுத்து மட்டுமே. தேதியில்லாமல் என்னிடமுள்ள ஒரே தாள் அது. எந்த நாள் என்று எனக்குத் தெரியும். நிரப்பமாட்டேன்.