எண்பது மதிப்பெண் வரட்டும்

கன்னடத் தேர்வு எழுதாமலே ஓய்வு பெற்றவன் நான். எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் அதில் தேற வேண்டும் என்பது விதி. ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு விலக்கு உண்டு என்பது அதன் வால். ஒவ்வொரு தேர்வு நாளன்றும் முறைப்படி விடுப்பு எடுத்து, ஐம்பதைத் தாண்டிய மறுவாரமே விலக்குக் கேட்டு விண்ணப்பித்தேன். அதற்குப் பரிந்துரைக் குறிப்பு எழுத வேண்டியிருந்தவர் என் எதிர் மேசைக்காரர், தும்கூர்ப் பக்கத்துக் கன்னடர். "லுக் ஹியர், மிஸ்டர்" என்று தொடங்கி, விலக்கு வாங்குவதற்குப் பட்ட பாட்டில் பாதி பட்டிருந்தால் பாஸாகியிருக்கலாம் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது ஆங்கிலம்தான். இருபத்தாறு ஆண்டுகள் அதில் சண்டை போட்டோம். ஓய்வு பெற்ற பிறகும் வியாழக்கிழமைதோறும் காக்ஸ் டவுனிலிருந்து இரண்டு பஸ் மாறி, ராஜாஜிநகரில் அவர் வீட்டுக்குப் போய்ச் சண்டையைத் தொடர்ந்தேன். ஒரு பழைய பதவி உயர்வுக் கோப்பில் எந்த விதி பொருந்தும் என்பது மட்டும் தீரவே இல்லை. அந்தக் கோப்புக்குரிய ஊழியரே ஓய்வு பெற்றுவிட்டார். எங்களுக்கு அது ஒரு பொருட்டாக இல்லை.

போன ஆண்டு அவருக்குப் பக்கவாதம் வந்தது. கையும் காலும் ஓரளவு தேறின. ஆங்கிலம் தேறவில்லை. பின்னால் கற்ற மொழி போய், தாய்மொழி மட்டும் மிஞ்சுவது சிலருக்கு நேரும் என்று டாக்டர் சொன்னாராம். நான் என் கன்னடத்தில் பேசிப் பார்த்தேன். ஆட்டோக்காரர்களும் காய்கறிக்காரர்களும் நாற்பது ஆண்டுகளாகப் பொறுத்துக்கொண்ட கன்னடம் அது. அவர் புருவத்தைச் சுருக்கி மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் அதையே திருத்தமாகச் சொன்னதும் தலையாட்டினார். டி.வி. செய்தி போலத் தெளிவாகச் சொன்னால் புரிந்துகொள்கிறார், உச்சரிப்பு கொஞ்சம் பிசகினாலும் களைத்துப்போகிறார் என்று அந்த அம்மாள் சங்கடத்தோடு விளக்கினார். மொழிபெயர்ப்பாளர் வைத்துக்கொண்டு யாரும் சண்டை போட முடியாது.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன்.

"அப்பா, தமிழ்ல பேசிட்டுக் கடைசியில 'பண்ணுங்க'ங்கறதுக்கு ஒரு 'மாடி' சேத்துட்டா கன்னடம் ஆயிடாதுப்பா" என்றாள். பிறகு என் கைபேசியில் ஒரு செயலியை இறக்கிக் கொடுத்தாள். அது ஒரு வாக்கியம் சொல்லும். நாம் திருப்பிச் சொல்ல வேண்டும். பிசகிய எழுத்துகளைச் சிவப்பாக்கி, நூற்றுக்கு இவ்வளவு என்று மதிப்பெண் போடும். பஸ் எப்போது வரும் என்று நான் கேட்டதற்கு முப்பத்தொன்று போட்டது. கன்னடத்தில் நான்கு 'ப' இருக்கிறது. என் வாய்க்கு நான்கும் ஒன்றுதான். அந்தக் கருவி நான்கையும் தனித்தனியே கேட்டது. கெஞ்சினால் இரங்காத, தேநீர் வாங்கித் தர முடியாத ஓர் அதிகாரியை என் வாழ்நாளில் அப்போதுதான் சந்தித்தேன்.

எண்பது மதிப்பெண் வந்த பிறகுதான் அவரைப் பார்க்கப் போவது என்று முடிவு செய்தேன். இணைப்புகள் குறைவாக உள்ள கோப்பை நான் ஒருநாளும் மேலே அனுப்பியதில்லை. அவர் மனைவியிடம் முழங்கால் வலி என்று போனில் சொல்லிவைத்தேன்.

"மார்க் ஷீட்டோட வரணும்னு அந்த அங்கிள் கேட்டாராப்பா?" என்றாள் மகள். அவளுக்கு நடைமுறை தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

பதினோரு வாரம் மொட்டைமாடியில் பயிற்சி செய்தேன். பக்கத்துத் தேவாலயத்தில் மணி அடித்தால் செயலி அதையும் என் கணக்கில் சேர்த்து மதிப்பெண்ணைக் குறைக்கும். பல்செட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு பேசினால் ஏழெட்டு மதிப்பெண் கூடும் என்று கண்டுபிடித்தேன். நம் சொந்த வாக்கியத்தையும் அதில் கொடுக்கலாம். மகளைக் கெஞ்சி ஒன்று அடித்து வாங்கினேன்: அந்தப் பதவி உயர்வுக் கோப்பில் நீங்கள் சொன்னது தப்பு, நான் சொன்னதே சரி. அந்த வாக்கியத்துக்கு எண்பத்துநான்கு விழுந்த வாரம் ராஜாஜிநகருக்குக் கிளம்பினேன்.

கதவைத் திறந்த அந்த அம்மாள் முதலில் என் காலைப் பார்த்து, பரவாயில்லையா என்று கேட்டார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார். வியாழன் ஆனால் சாப்பிட்டதும் சலவைச் சட்டை கேட்டுப் போட்டுக்கொண்டு கூடத்தில் வந்து உட்கார்ந்துவிடுவாராம். ஐந்து மணிவரை எழுந்திருக்க மாட்டாராம். போன மாதம் லேசாக இன்னொரு முறை தாக்கியிருக்கிறது. அதிலிருந்து ஆட்களின் முகம் பிடிபடவில்லை. என் முழங்காலே சரியில்லாதபோது எதற்குச் சொல்வது என்று அந்த அம்மாள் விட்டுவிட்டாராம். அதில் குற்றம் சாட்டும் தொனியே இல்லை. இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

கூடத்தில் சலவைச் சட்டையோடு அவர் உட்கார்ந்திருந்தார். என் வாக்கியத்தைச் சொன்னேன். ஓர் எழுத்துகூடச் சிவந்திருக்காது. அவருக்கு முழுவதும் புரிந்தது. முன்பின் தெரியாத ஒருவர் வீடு தேடி வந்து தன்னைத் தப்பு என்று சொல்வதை மரியாதையோடு கேட்டுக்கொண்டு, விருந்தாளிக்குக் காபி கொண்டுவரச் சொன்னார். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். காக்ஸ் டவுன் என்றேன். அங்கிருந்து ஒருவன் வியாழக்கிழமை வருவான், ரொம்ப வாதம் செய்வான் என்று, சொற்களைத் தேடித் தேடிச் சொன்னார். வருவான், செய்வான். அவர் மனதில் நான் 'அவன்' என்பது எனக்குத் தெரியாது. ஆங்கிலத்தில் அதைத் தெரிந்துகொள்ள வழியில்லை.

"அது நான்தான்" என்றேன், சுத்தமான கன்னடத்தில்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"அவனிகெ கன்னட பரல்லா" என்றார். அவனுக்குக் கன்னடம் வராது.

ஆங்கிலத்தில் ஏதேதோ சொல்லிப் பார்த்தேன். சிரிப்பு மாறாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, வாசலைக் காட்டி, "பர்தானெ, கூத்கொள்ளி" என்றார். வருவான், உட்காருங்கள்.

உட்கார்ந்தேன். இப்போது ஒரு வியாழன்கூடத் தவறாமல் போகிறேன். அந்த ஆளைப் பற்றி விசாரிக்கிறேன். அவரும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்கிறார். மீதி நேரம் இருவரும் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஐந்து மணி ஆனதும், இன்றைக்கு வரமாட்டான் போலிருக்கிறது என்கிறார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.