ஒரு விண்டருக்கான டயர்

“நீ தனிய ஒரு விண்டருக்கும் கார் ஓடமாட்டாய்” என்று என் கணவர் ஒருமுறை சொன்னார். கோபத்தில் சொல்லவில்லை. மொன்றியலின் சென்ட் லோரன்டில் நாங்கள் வழக்கமாகப் போகும் கராஜில், குளிர்காலத்துக்குக் காரின் சில்லு மாற்றி முடியும்வரை பிளாஸ்டிக் கதிரைகளில் அருகருகே உட்கார்ந்திருந்தபோது, என் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்தேன். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். மருந்துத் தொழிற்சாலையின் ஆய்வுகூடத்தில் வேலை. எனக்குப் பனியில் கார் ஓட வராதாம்.

அன்று வாங்கியவை பழைய டயர்கள். யாரோ ஓடிக் கழித்துவிட்டுப் போனவை, துருப்பிடித்த இரும்பு றிம்களோடு. இங்கே டிசம்பர் பிறந்தால் குளிர்கால டயர் இல்லாமல் வீதியில் இறங்க முடியாது, அது சட்டம். புதிதாகவே வாங்குவோம் என்றேன்.

“ஒரு விண்டருக்குத்தானே. அடுத்த வருசம் ரொறன்ரோவில நிப்பம்.”

இது அவர் ஒருவரின் பேச்சு அல்ல. மொன்றியலில் நான் பார்த்து வளர்ந்த தமிழ் வீடுகள் பலவற்றில் இதே பேச்சுத்தான். எப்படியும் ரொறன்ரோ போகப்போகிறோம் என்று, கம்பளியைத் திரைச்சீலையாகத் தொங்கவிட்ட யன்னல்கள். பெட்டியை விட்டு வெளியே வராத நல்ல கோப்பைகள். என் அப்பாவும் அம்மாவும் நகரின் வடக்கே மொன்ட்ரியால்-நோரில் அப்படியே, போகப்போகிறவர்களாகவே, வாடகை வீட்டில் முதுமையடைந்தார்கள்.

கராஜ்கார அண்ணை டயர்களின் பக்கவாட்டில் மஞ்சள் சோக்கால் என் கணவரின் பெயரை எழுதினார். வசந்தத்தில் கழற்றித் தன் தட்டுகளில் அடுக்கும்போது எது யாருடையது என்று தெரியவேண்டுமாம்.

அடுத்த வருடம் அவர் மட்டும் ரொறன்ரோ போனார். வேலை கிடைத்துவிட்டது. எனக்கு இங்கே வேலை நிரந்தரமானதும் அங்கே ஒன்று தேடிக்கொண்டு போவதாக ஏற்பாடு. அந்தக் குளிர்காலமும் அதே டயர்களில்தான் ஓடினேன். முதலில் சனிக்கிழமைகளில் பஸ் ஏறி வந்தார். பிறகு மாதம் ஒருமுறை. பிறகு, பாதை சரியில்லை, பனி கொட்டுகிறது என்றார். பனி இல்லாத மாதங்களிலும் வரவில்லை. என் வேலை நிரந்தரமானதைச் சொன்னபோது, “நல்லது” என்று மட்டும் சொன்னார்.

இந்த ஒக்ரோபரில் கராஜுக்குப் போனேன். அண்ணை டயரின் பள்ளத்துக்குள் அளவுகோலை விட்டுப் பார்த்துத் தலையை ஆட்டினார். றப்பர் இறுகிவிட்டது, பிரேக் பிடித்தால் வழுக்கிக்கொண்டு போகும் என்றார். இரண்டு வழி இருந்தது. முதல்நாள் வந்த பழைய செட் ஒன்று, ஒரு விண்டருக்குத் தாங்கும். அல்லது புதியது.

“அவரிட்ட ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்கோவன், தங்கச்சி.”

கேட்டேன். வெளியே, அடுக்கி வைத்த டயர்களுக்குப் பக்கத்தில் நின்று போனில் கேட்டேன். எனக்கு அந்தப் பழைய செட்டை வாங்கத்தான் விருப்பம். இன்னும் ஒரு விண்டர் என்றால், இன்னும் போகவிருக்கிறேன் என்றுதானே பொருள்.

“என்னட்டை ஏன் கேக்கிறாய்? அது உன்ர கார்.”

அதுவரை அவர் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. எங்கட கார் என்பார். அப்போ நான் எப்போது வருவது என்று கேட்டேன். லொறியொன்று பின்னால் வந்து திரும்பிப் போனது.

“வரவேண்டாம்” என்றார். “நான் முதலே சொல்லியிருக்கவேணும்.”

வேறு யாரும் இருக்கிறார்களா என்று நான் கேட்கவில்லை.

உள்ளே போய்ப் புதியது என்றேன். அண்ணை என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறெதுவும் கேட்காமல் டயரைப் பற்றியே கதைத்தார். ஆணி பதித்தது நகரத்துக்குள் ஓடத் தேவையில்லை; சத்தம்தான் போடும். றிம் ஒரு சுற்றுச் சின்னதாக, இரும்பிலேயே எடுத்தால் குழியில் விழுந்தாலும் தாங்கும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். எவ்வளவு காலம் ஓடலாம் என்று கேட்டேன்.

“நாலைஞ்சு விண்டருக்குப் பயமில்லை.”

வேறு எவரும் அதை நல்ல செய்தியாகக் கேட்டிருப்பார்கள்.

டயர் வந்த அன்று அம்மாவைக் கூட்டிப் போனேன். போகும் வழியில் சொன்னேன். “அப்ப ரொறன்ரோ இல்லையோ?” என்று மட்டும் கேட்டார். இல்லையம்மா என்றேன். பிறகு கராஜ்வரை வெளியே பார்த்தபடியே வந்தார். சில்லுகள் பூட்டி முடிந்ததும், கண்ணேறு கழிக்கவென்று கோட்டுப் பைக்குள்ளிருந்து நாலு தேசிக்காய்களை எடுத்தார். பழைய டயருக்கு அவர் வைத்ததில்லை. ஊரார் ஓடினதுக்கு எதற்கு என்றிருந்தார்.

“அம்மா, புதுக் காருக்குத்தானே வைக்கிறவை. டயருக்குமோ?” என்றார் அண்ணை.

“ஓடுறது டயர்தானே, தம்பி.”

குனிந்து ஒவ்வொரு சில்லுக்கு முன்னாலும் வைத்தார். அவற்றின்மேல் காரை மெதுவாக ஏற்றினேன். நசிந்த தேசிக்காயின் மணம் குளிரோடு உள்ளே வந்தது. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்தபடி கொஞ்ச நேரம் இருந்தேன். அம்மா கண்ணாடியைத் தட்டவில்லை. கையைக் கோட்டுக்குள் விட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

பழைய டயர்களை என்ன செய்வது என்று அண்ணை கேட்டார். போன வசந்தத்தில் திரும்ப எழுதிய என் கணவரின் பெயர் மங்கியிருந்தாலும் வாசிக்கக்கூடியதாக இருந்தது. எறியச் சொன்னேன். கழற்றிய கோடைச் சில்லுகளைத் தட்டில் ஏற்றுவதற்கு முன், மஞ்சள் சோக்கோடு நின்று அவருடைய பெயரைத்தானே போடுவது என்று கேட்டார்.

என் பெயரைச் சொன்னேன். எழுத்தெழுத்தாகச் சொன்னேன். ஏப்ரலில் அவற்றைத் திரும்பப் பூட்டுவதற்கு நாளும் எடுத்துவிட்டேன்.